சொல்லாமல் வைத்த முடிவு

எனக்கும் என் மச்சாளுக்கும் மூன்று வருடம் பேச்சு இல்லை. காணி எல்லைப் பிரச்சினை இல்லை, சீதனப் பிரச்சினையும் இல்லை. ஒரு நாவலின் இரண்டாம் பாகம் எப்படி முடிகிறது என்று நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் முதல் ஆள் என் கணவர். அவருடைய தங்கைதான் இந்த மச்சாள்.

அவள் நெடுந்தீவில் கலியாணம் முடித்தவள். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். வீட்டில் ஏழெட்டு மாடுகள். நான் வேலணையில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பஸ்ஸும் ஒரு மணித்தியாலக் கடலும் இருக்கின்றன. எங்களுக்குப் பொதுவாக இருந்தது என்று பார்த்தால் அவளுடைய அண்ணனும் நாவல்களும்தான். அண்ணனைப் பற்றிக் கதைக்க அதிகம் இல்லை.

புத்தகம் வாங்குவதில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பிரதி. யாழ்ப்பாணத்துக்குப் போய் வாங்குவது நான். இந்தப் புத்தகம் முதலில் எனக்கு என்றால் அடுத்தது முதலில் அவளுக்கு. வாசித்து முடித்ததை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு சொப்பிங் பையில் போட்டு, குறிகட்டுவான் பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். நடத்துனர் அதைத் துறையில் வள்ளக்காரரிடம் கொடுப்பார். சோளகக் காற்று உரத்துவிட்டால் வள்ளம் ஓடாது, புத்தகமும் போகாது. அந்த நாட்களில் தொலைபேசிதான்.

வாசிக்கிற விதத்தில் நாங்கள் எதிரும் புதிரும். நான் புத்தகத்தை எடுத்தால் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். அவள் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். விடிய மாடு கறந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முன்னர், ஒன்றே ஒன்று. எவ்வளவு இழுத்தாலும் இரண்டாவதைத் தொடமாட்டாள். அன்று முழுக்க அதை மாடு மாதிரி அசை போட்டுக்கொண்டு திரிவாள். இதை நான் அவளுக்கு நேரிலேயே சொல்லியிருக்கிறேன். மாட்டுக்கு உம்மைவிடப் பொறுமை கூட மச்சாள் என்றாள்.

விளையாட்டு தொடங்கியது அப்படியொரு சோளகத்தில்தான். ஐந்து நாளாக வள்ளம் இல்லை. அவளிடம் வாசிக்க ஒன்றும் இல்லை. தொலைபேசியில் இருந்து பழைய கதைகளையே கதைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பிடித்த நாவல்களுக்கு நாங்களே பட்டப்பெயர் வைத்திருந்தோம். எந்நேரமும் வயிற்றுப் பொருமலோடு சோடா குடிக்கிற ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி கொலைகளைத் துப்புத் துலக்குகிற கதைகள் ஒரு பன்னிரண்டு இருந்தன. அவர் சோடாக்காரர். ஒரே வீட்டில் ஒரே குசினியில் எட்டு மருமக்கள் சமைக்கிற கதை ஒன்று. ராசா காலத்துக் கதை ஒன்றில் வாயைத் திறந்தால் நாலு பக்கம் பேசுகிற மந்திரியார் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலே கப்பல்காரி. தகப்பன் விட்டுப்போன ஒற்றைக் கப்பலை ஊரே எதிர்க்க ஓட்டுகிற ஒரு பெண்ணின் கதை. மூன்று பாகம் என்று சொல்லித் தொடங்கினார் எழுதினவர்.

அன்று மச்சாள் கேட்டாள்: "இந்தச் சோடாக்காரரை அந்த எட்டு மருமக்களின்ர குசினிக்கு அனுப்பினால் என்ன நடக்கும்?"

சொதிக்கு யாரோ இரண்டாம் தரம் உப்புப் போட்டுவிட்டார்கள், யார் என்று கண்டுபிடிக்க வருகிறார் என்று வைத்துக்கொண்டோம். எட்டு மருமக்களும் அவரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மற்ற ஏழு பேரையும் காட்டிக்கொடுப்பார்கள் என்றேன் நான். இல்லை, மாமியாரிடம் நல்ல பேர் எடுக்க எட்டுப் பேரும் நான்தான் போட்டேன் என்று ஒத்துக்கொள்வார்கள், மனிசன் மூன்றாம் நாள் வேலையை விட்டுவிட்டு ஓடும் என்றாள் அவள். அவள் சொன்னதுதான் சரி. அந்த எட்டுப் பேரும் அப்படிப்பட்டவர்கள்தான்.

கணக்கு ரீச்சர் அல்லவா, விளையாட்டுக்கும் ஒரு விதி வைத்தாள். ஒரு கதையில் இருந்து ஆளைத் தூக்கினால் அந்த ஆள் தன் குணத்தோடுதான் வரவேண்டும். எங்கள் வசதிக்குக் குணத்தை மாற்றக்கூடாது. அந்த விதிக்குள் நின்று நாங்கள் செய்யாத கூத்து இல்லை. மந்திரியாரைக் குறிகட்டுவான் துறையில் கொண்டுவந்து விட்டோம். அவர் வள்ளக்காரருக்கு வணக்கம் சொல்லி முடிக்க முன்னர் வள்ளம் நெடுந்தீவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. கப்பல்காரியை அதே வள்ளத்தில் ஏற்றினோம். நடுக்கடலில் சுக்கானைப் பறித்துவிட்டாள். எனக்கு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவில் இருந்து தனியே சிரிப்பு வரும். பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

கப்பல்காரியின் இரண்டாம் பாகம் வந்தபோது முறை எனக்கு. இரண்டு நாளில் விழுங்கிவிட்டு அவளுக்கு அனுப்பினேன். அந்தப் பாகத்தில் கப்பல் மூழ்கிவிடும். மூழ்கடித்தது யார் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். இடையில் அவளுடைய மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு வந்தது. நாங்கள் எல்லோரும் நெடுந்தீவுக்குப் போனோம். குசினியில் இருந்து பலகாரத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், ரீச்சர் ஒவ்வொரு நாளும் விடிய வாசிக்கிற அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். நானும் அவள் இதற்குள் முடித்திருப்பாள் என்றே நினைத்தேன்.

"கடைசியில பாருங்கோ அக்கா, கப்பலைத் தாட்டது அவளின்ர சொந்தத் தம்பி!"

மச்சாள் வாசலில் நின்றிருந்தாள். கையில் வாழைப்பழச் சீப்பு. அதை மெதுவாக நிலத்தில் வைத்தாள்.

"மச்சாள், எனக்கு இன்னும் நாலு நாள் இருந்தது" என்றாள்.

நான் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாய் அப்படிச் செய்யாது. பிழை விட்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். "ஒரு கதைப் புத்தகத்துக்கு இவ்வளவோ?" என்று கேட்டுவிட்டேன், சனத்துக்கு முன்னால். அதோடு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கோபம் என்றால் போக்குவரத்து நிற்காது, கதை மட்டும்தான் நிற்கும். கடமை என்று ஒன்று இருக்கிறதே. செத்தவீட்டுக்கு வருவாள், என் கணவரோடு கதைப்பாள், என்னைக் குந்துகிற கதிரைபோலப் பார்ப்பாள். தயிர்ச் சட்டி வழமைபோல வரும். நான் அனுப்புகிற பனம்பழப் பனாட்டும் அங்கே போகும். கைபேசியில் குடும்பக் குழுவில் எல்லோருடைய பேச்சுக்கும் பதில் போடுவாள், என்னுடையதை மட்டும் தாண்டிப் போவாள். புத்தகங்களும் நிற்கவில்லை. முறை தவறாமல் நான் அனுப்புவேன், அவளும் திருப்பி அனுப்புவாள். பையைப் பிரித்தால் புத்தகம் மட்டும் இருக்கும்.

முதல் வருடம் நானும் விறைப்பாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் பொறுக்கமுடியாமல் ஒரு கடதாசித் துண்டில் நாலு வரி எழுதி, போகிற புத்தகத்துக்குள் வைத்தேன். பெயர் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. அவளுக்கு எழுதினால் அது கதைத்ததாகிவிடும் அல்லவா. சோடாக்காரர் குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்து நிற்கும்போது கருவாட்டுப் பொரியல் வாங்கித் தின்றார் என்று ஏதோ எழுதியிருந்தேன். புத்தகம் திரும்பி வந்தபோது துண்டும் வந்தது. பென்சிலால் ஒரு குறிப்பு: "சோடாக்காரர் மச்சமாமிசம் சாப்பிடுவதில்லை. நாலாவது கதை, கோயில் திருட்டு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கதையை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டு வைத்தேன். எல்லாம் திருத்தப்பட்டு வந்தன. எட்டு மருமக்களையும் மந்திரியாரோடு ஒரே பஸ்ஸில் ஏற்றி, எட்டு ரிக்கற் எடுத்ததாக எழுதினதுக்கு, "ஒன்பது பேர் ஏறியிருக்கிறார்கள். எண்ணிப் பார்க்கவும்" என்று வந்தது. ஒரே ஒரு தடவை சரி போட்டிருந்தாள், பிள்ளைகளின் கொப்பியில் போடுகிற அதே சரி. அந்தத் துண்டில் நான் எழுதியிருந்தது இதுதான்: கப்பல்காரி நெடுந்தீவுக்கு வந்து அங்கே காட்டில் தன்பாட்டில் திரிகிற குதிரை ஒன்றில் ஏற மூன்று நாள் முயன்றாள், ஏலவில்லை. நாலாம் நாள் குதிரையிடம் மன்னிப்புக் கேட்டாள். குதிரை ஒன்றும் பேசாமல் புல்லுத் தின்றது. சரிக்குப் பக்கத்தில் பென்சிலால், "குதிரை செய்தது சரி" என்று இருந்தது.

நான் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு குசினியில் நின்று அழுதேன். கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் விசர்" என்றார்.

மூன்றாம் பாகம் வருகிறது, வருகிறது என்று மூன்று வருடமும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் நான் படியேறும்போதே அடுத்த மாதம் அக்கா என்பார். கடைசியில் ஒரு நாள் வந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். திரும்பும்போது பண்ணைப் பாலத்தில் காற்று பிடித்து அடிக்க, புத்தகத்தைப் பிள்ளைபோல மடியில் வைத்திருந்தேன். தொண்ணூற்றைந்து அத்தியாயம். முறைப்படி அது முதலில் எனக்கு. ஆனால் நான் பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டேன். கடைத் தாளைக்கூடப் பிரிக்காமல் அவளுக்கு அனுப்புவது. அதைப் பார்த்தாவது அவள் என்னோடு கதைக்கமாட்டாளா?

நல்ல நினைப்புத்தான். அடுத்த நாள் சோளகம் உரத்தது. வள்ளம் இல்லை. புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள் தாங்கினேன். இரண்டாம் நாள் அலுமாரியில் வேறு ஏதோ தேட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன். மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தில் நின்றேன். முதுகு மடியாமல், அரைவாசி விரித்து, கழுத்து நோக நோக வாசித்து முடித்து, வாங்கின தாளிலேயே மடிப்புப் பிசகாமல் சுற்றினேன். காற்று அடங்கினதும் அனுப்பினேன். துண்டு வைக்கவில்லை. வைத்தால் என் கை சும்மா இராது, தெரிந்ததில் ஏதாவது கசிந்துவிடும் என்று பயம்.

அவளிடம் இருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

இரண்டரை மாதம் கழித்து வந்த பேச்சு வேறு. அவளுக்கு நெடுநாளாக வயிற்றில் நோவு இருந்திருக்கிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்துப் பார்த்தால் கட்டி. திறந்துதான் பார்க்க வேண்டும், திறந்த பிறகுதான் என்ன கட்டி என்று சொல்லலாம் என்றார் டொக்டர். அவளுடைய தாய், என் மாமியார், இப்படித்தான் வயிற்று ஒப்பரேஷன் என்று போய் உயிரோடு திரும்பாதவர். அவள் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் எங்கள் எல்லோருக்கும் அதே நினைப்புத்தான்.

ஆஸ்பத்திரியில் சேர முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். அவளுடைய கணவர் மாடுகளுக்கு ஆள் பிடித்துவிட்டு அடுத்த நாள் வள்ளத்தில் வருவதாக ஏற்பாடு. சாப்பிடும்போது என்னை விட்டுவிட்டு, "அண்ணை, உப்புக் கொஞ்சம் கேளுங்கோ" என்றாள். உப்பு எனக்குப் பக்கத்தில் இருந்தது. என் கணவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எழும்பி வந்து உப்பை எடுத்துக் கொடுத்தார். அவளுடைய பைக்குள் உடுப்புக்கு மேலே கப்பல்காரி இருந்தாள். எண்பத்துநாலாம் அத்தியாயத்தில் ஒரு பஸ் ரிக்கற் செருகியிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டில் அவளோடு நான்தான் இருந்தேன். விடிந்தால் ஒப்பரேஷன். அவளுடைய கணவர் ஏதோ மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அவள் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். கனநேரமாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்தாள்.

"மச்சாள்."

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்.

"நீர் இதை வாசிச்சிட்டீர்."

"இல்லை..."

"பொய் சொல்லாதையும். புத்தகத்துக்குள்ள துண்டு இல்லை. வாசிக்காமல் அனுப்பியிருந்தால் என்ன நடக்கும் எண்டு பத்துத் துண்டு எழுதி வச்சிருப்பீர். தெரிஞ்சபடியால்தான் எழுதேல்லை."

இவளிடம் சோடாக்காரர் தோற்றார். நான் தலையைக் குனிந்தேன்.

"ஓம். வாசிச்சனான்."

"அப்ப சொல்லும். கடைசியில என்ன நடக்குது? எனக்கு வாசிக்க ஏலாமல் கிடக்கு. எழுத்து ஒண்டும் உள்ள போகுதில்லை. பன்னிரண்டு அத்தியாயம் கிடக்கு மச்சாள். எனக்குப் பன்னிரண்டு நாள் இருக்கோ எண்டு தெரியாது."

இப்படி ஒரு ஆள் முடிவைச் சொல் என்று கேட்க மாட்டாரா என்றுதான் என் வாய் வாழ்நாள் முழுக்கத் தினவெடுத்துக் கிடந்தது. இப்போது அவளே கேட்கிறாள். இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிடலாம். சொன்னால் எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிடும், பழையபடி கதைப்பாள். அவளுடைய கையைப் பார்த்தேன். முடிவு தெரிந்துகொண்டு, கணக்கை முடித்துக்கொண்டு படுக்கப் போகிறவளின் கை மாதிரி இருந்தது.

"ஏலாது" என்றேன்.

"என்ன?"

"சொல்லமாட்டன். வந்து வாசியும்."

"வராட்டி?"

"வராட்டி உமக்குத் தெரியவே போறதில்லை. அப்பிடியே கிடவும். தெரிய வேணும் எண்டால் வாரும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் எழுதமுடியாது. "சொல்லக் கூடாத நேரத்தில சொன்னீர். கேக்கிற நேரத்தில வாயைப் பூட்டுறீர்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை திரும்பவில்லை.

அடுத்த நாள் காலை ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அவளுடைய கணவரும் அண்ணனும் ஒரு மூலையில் நின்று மாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். ஆண்களுக்கு அது வசதி. நான் செய்தது கெட்டித்தனம் என்று முதல் நாள் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். இப்போது அது பெரும் பாவமாகத் தெரிந்தது. இந்த மனிசி திரும்பி வராவிட்டால், ஒரு கதையின் முடிவைக்கூடச் சொல்லாமல் அனுப்பின ஆள் நான். மூன்று வருடம் கழித்து வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை. எனக்கு அவள் மேல் எவ்வளவு விருப்பம் என்பது அந்த வாங்கில்தான் எனக்கு விளங்கியது. அவளைப்போல் என் விசருக்கு ஈடுகொடுக்க இந்தத் தீவுகளில் வேறு ஆள் இல்லை.

பதினொரு மணிபோல டொக்டர் வெளியே வந்தார். கட்டியை எடுத்துவிட்டோம், பார்த்த அளவில் ஆபத்தான வகை இல்லை, பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறோம் என்றார். பரிசோதனையிலும் பிறகு அப்படியே வந்தது.

கடல் கடந்து உடனே போக ஏலாது என்று எங்கள் வீட்டிலேயே வைத்திருந்தோம். என்னோடு பேச்சு இல்லை. வாட்டில் பேசினது கணக்கில் சேராது போலும். வந்த அடுத்த நாள் விடிய, "அண்ணை, என்ர புத்தகம்" என்றாள். எண்பத்துநாலாம் அத்தியாயத்தை வாசித்தாள், ரிக்கற்றைச் செருகினாள், மூடினாள். வேறு வேலை ஒன்றும் இல்லாமல் நாள் முழுக்கப் படுத்திருக்கிறவள், அப்போதும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதற்கடுத்த நாள் எண்பத்தைந்து. நான் கஞ்சி கொண்டுபோய் வைப்பேன், அவள் முகட்டைப் பார்ப்பாள். எனக்கோ அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரியும், அடுத்த நாள் என்ன வரப்போகிறது என்றும் தெரியும். வாயைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அந்த நாட்களில் நான் அரைத்த சம்பல் மாதிரி இந்த வீட்டில் ஒருவரும் அரைத்ததில்லை.

கடைசி அத்தியாயத்தன்று நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"மச்சாள்!"

ஓடிப் போனேன். புத்தகம் மூடி மடியில் கிடந்தது. தலையணையில் சாய்ந்து இருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"கப்பலை வித்துப்போட்டு, கடலே வேண்டாம் எண்டு, ஆரோ ஒருத்தரின்ர வீட்டில போய்க் குந்தியிருக்கிறாள்?"

"ஓம்."

"இதுதானோ முடிவு?"

"இதுதான்."

"உமக்கு அண்டைக்கே தெரியும்?"

"ஓம்."

வயிற்றுத் தையலை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கோ நான் திரும்பி வந்தனான்?" என்றாள்.

கட்டில் விளிம்பில் இருந்தேன். எழுதினவரை அவள் திட்டத் தொடங்கினாள், நானும் சேர்ந்துகொண்டேன். மத்தியானம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். கணவர் வந்து சோறு எங்கே என்று கேட்டார்.